கோரிக்கைத் தாளோடு போனவர்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எய்ட்ஸின் தொடக்க ஆண்டுகள் பற்றி நீங்கள் எழுதியதில், நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்து போராடிய ஆக்ட் அப் அமைப்பு இல்லாவிட்டால் மருந்துகள் அந்த வேகத்தில் மக்களிடம் வந்திருக்காது என்று ஒரு வரி இருக்கிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். ரோட்டில் படுத்துக் கத்தியவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்? பங்குச் சந்தை மாடத்தில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டதைப் பற்றியும் படித்தேன். மறுநாள் பேப்பரில் செய்தி வரும். அதற்கு மேல் என்ன நடக்கும்?

இதைக் கேட்பதற்கு எனக்கொரு காரணம் உண்டு. மதுரையில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு கூட்டம், ஒரு தீர்மானம், ஒரு மனு. எதுவும் நகரவில்லை. அவர்கள் வேறு என்ன செய்தார்கள்? மருத்துவம் படிக்காதவர்கள் மருந்து ஆராய்ச்சி பற்றி எப்படிப் பேச முடிந்தது? அவர்கள் செய்ததெல்லாம் சரிதானா? நம் ஊருக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? விரிவாக எழுதினால் எங்கள் கூட்டத்தில் வாசிப்போம்.

கா.,
மதுரை

அன்புள்ள கா.,

மருந்தைக் கண்டுபிடித்தது ஆய்வகம்தான். ஏ.இசட்.டி. என்ற முதல் எய்ட்ஸ் மருந்தை 1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்காகச் செய்து பார்த்தார், பலிக்கவில்லை என்று விட்டுவிட்டார். இருபது ஆண்டுகள் அதை யாரும் தேடவில்லை. 1985இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் அனுப்பிய மருந்தை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சோதித்தபோது அது எச்.ஐ.வி.யைத் தடுப்பது தெரிந்தது. 1986இல் 282 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 19 பேர் இறந்தார்கள், மருந்து பெற்றவர்களில் ஒருவர். சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. பரோஸ் வெல்கம் வைத்த விலை ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர்.

ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கைக்கு ஒரு மருந்து வந்து சேருமுன் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. சோதனையில் யாரைச் சேர்ப்பது, யாருக்குப் போலி மாத்திரை, சோதனையில் இருப்பவர் வேறு மருந்து எடுக்கலாமா, எவ்வளவு தரவு கிடைத்தால் அனுமதி, என்ன விலை, யாரை நோயாளி என்று அரசு எண்ணும் என்பவை அந்த முடிவுகள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு மேசையில் எடுக்கப்படுகிறது. அந்த மேசை எது, அதில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எந்த விதியை மாற்றினால் என்ன ஆகும் என்று கண்டுபிடித்ததுதான் ஆக்ட் அப்பின் சாதனை. கூச்சல் அந்த மேசைக்குப் போக வழி திறந்தது. உள்ளே போகும்போது அவர்கள் கையில் எழுதித் தயார் செய்த தாள் இருந்தது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981 ஜூன் 5 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸில் தன்பாலீர்ப்புள்ள ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா வந்ததாகச் செய்தி வெளியானது. 1982இல் நியூயார்க்கில் நோயாளிகளுக்கு உதவும் முதல் அமைப்பு தொடங்கப்பட்டது. உணவு கொண்டுபோவது, மருத்துவமனையில் கூட இருப்பது, உயில் எழுத உதவுவது என்று அதன் வேலை இருந்தது. 1983இல் டென்வர் நகரில் கூடிய நோயாளிகள், தங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு குழுவிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு பக்க அறிக்கைதான். 1987 மார்ச் 10 அன்று நாடகாசிரியர் லாரி கிரேமர் மன்ஹாட்டனின் 13ஆம் தெருவில் இருந்த சமூக மையத்தில் பேசினார். இரண்டு நாளில் ஆக்ட் அப் உருவானது. மார்ச் 24 அன்று வால் ஸ்ட்ரீட்டில் முதல் மறியல், 17 பேர் கைது. முந்தைய நாள் நாளிதழில் வெளிவந்திருந்த கிரேமரின் கட்டுரையைப் படியெடுத்து அங்கே வினியோகித்தார்கள். மருந்து அனுமதி ஏன் தாமதமாகிறது, எதை மாற்ற வேண்டும் என்பது அதில் இருந்தது.

கூட்டம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். திங்கள்கிழமை மாலைதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் கூடினார்கள். தலைவர் என்று யாரும் இல்லை, கூட்டத்தை நடத்தித் தர இரண்டு பேர். பெரும்பாலும் ஓர் ஆண், ஒரு பெண். பின்பக்க மேசையில் அந்த வாரத் துண்டறிக்கைகள், புள்ளிவிவரத் தாள்கள், ஆய்வுக் கட்டுரைப் படிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். புதிதாக வருபவர் அவற்றை அள்ளிக்கொண்டு போய் அடுத்த வாரத்துக்குள் படித்துவிட்டு வருவார். உண்மையான வேலையெல்லாம் வாரத்தின் மற்ற நாட்களில் குழுக்களில் நடந்தது. மருந்து ஆராய்ச்சிக்கு ஒரு குழு, ஊடகத்துக்கு ஒன்று, வீட்டு வசதிக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று. பெண்கள் தனிக் குழு வைத்திருந்தார்கள். ஒரு யோசனையைப் பிடிக்காதவர் அதற்கு எதிராக வாக்களிக்கலாம். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து தங்கள் பொறுப்பில் அதைச் செய்வதைத் தடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்கும் சங்கங்கள் எதையும் செய்யாமலே கலைந்து போவதைப் பார்க்கிறோம். ஆக்ட் அப் ஆறேழு ஆண்டுகளில் அத்தனை வேலைகள் செய்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். 1987இல் ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் திங்கள் கூட்டத்துக்கு வந்தார். மருந்துத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர், குயின்ஸ் பகுதியில் வசித்த திருமணமான பெண். நீங்கள் எதை எதிர்க்கிறீர்களோ அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன் என்று அவர் சொன்னதுதான் தொடக்கம். வந்து உட்கார்ந்தவர்களில் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், கலைஞர்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் குறைவு. வைரஸ் செல்லுக்குள் எப்படிப் பெருகுகிறது, மருந்துச் சோதனையின் மூன்று கட்டங்கள் எவை, எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு மருந்து நிர்வாகத்தில் ஒரு விண்ணப்பம் எந்தெந்தப் பிரிவுகள் வழியாகப் போகிறது என்று படிப்படியாகப் படித்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் புரியாத சொற்களைக் குறித்து மார்க் ஹாரிங்டன் ஒரு சொற்பொருள் ஏடு தயாரித்தார். அவருக்கு அறிவியல் பின்னணி கிடையாது. அந்த ஏடு எல்லோருக்கும் படியெடுத்துக் கொடுக்கப்பட்டது. நகரத்தில் எந்த மருத்துவமனையில் எந்தச் சோதனை நடக்கிறது, யாரைச் சேர்க்கிறார்கள் என்று லாங் பட்டியல் எடுக்கத் தொடங்கினார். அரசிடமே நோயாளிக்கு எளிதாகக் கிடைக்கும்படி அப்படி ஒரு பட்டியல் இருக்கவில்லை.

படித்ததும் ஓட்டைகள் தெரிந்தன. போலி மாத்திரைச் சோதனையில் சேர்ந்த நோயாளிகள் மாத்திரைகளை வேதியியலாளரிடம் கொடுத்துப் பரிசோதித்தார்கள், சுவைத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். சாகக் கிடப்பவர் உயிர் பிழைக்கச் செய்வதை ஒழுக்கக்கேடு என்று சொல்லி என்ன பயன்? தரவு கெட்டுப்போனது என்பதுதான் விளைவு. சில சோதனைகளில் சேர்ந்தவர்கள் நிமோனியா தடுப்பு மருந்து எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. உங்கள் சோதனை எங்களுக்கு அநியாயம் என்பதோடு அறிவியலாகவும் மோசம், ஏனென்றால் யாரும் விதிப்படி நடக்கப் போவதில்லை என்று இவர்கள் வாதிட்டார்கள். போலி மாத்திரைக்குப் பதில் மருந்தோடு மருந்தை ஒப்பிடுங்கள், தடுப்பு மருந்துகளை அனுமதியுங்கள், பெண்களையும் போதை ஊசி போடுபவர்களையும் சேருங்கள் என்று மாற்றையும் கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் செவிகொடுத்தது இந்த வாதத்துக்குத்தான்.

நிமோனியா தடுப்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. எய்ட்ஸ் நோயாளிகளைக் கொன்றதில் முதலிடம் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு பாக்ட்ரிம் மாத்திரை கொடுத்தால் இது வராமல் தடுக்கலாம் என்பது 1977 முதலே தெரியும். மாத்திரை மலிவு. நியூயார்க் மருத்துவர் ஜோசப் சோனபெண்ட் தன் நோயாளிகளுக்குக் கொடுத்து வந்தார். 1987இல் மைக்கேல் காலன் முதலிய நோயாளிகள் தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய் நிறுவனத்தின் தலைவர் அந்தோனி ஃபவுச்சியைச் சந்தித்து, இதை எல்லா மருத்துவர்களுக்கும் பரிந்துரையுங்கள் என்று கேட்டார்கள். எய்ட்ஸ் நோயாளிகளிடம் சோதித்த தரவு இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆகவே தரவைத் தாங்களே உண்டாக்கினார்கள். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் உள்ளூர் மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து, பென்டமிடின் மருந்தை நெபுலைசர் வழியாக மூச்சில் இழுக்கும் முறையைத் தங்கள் கிளினிக்குகளிலேயே சோதித்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் என்ற அளவு அந்த வேலையில்தான் நிலைபெற்றது. 1989இல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. தடுப்பு மருந்துக்கான அரசு வழிகாட்டுதலும் அந்த ஆண்டுதான் வந்தது. இடையில் போன இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் தவிர்த்திருக்கக்கூடிய நிமோனியாவில் செத்தார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

இனி ஒரு முற்றுகை எப்படித் தயாரானது என்று பாருங்கள். 1988 அக்டோபர் 11, மேரிலாந்தின் ராக்வில் நகரில் அப்போது இருந்த எஃப்.டி.ஏ. தலைமையகம். இடம் பற்றி முதலில் விவாதம் நடந்தது. வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் முன்னால் தினமும் யாராவது போராடுகிறார்கள், அது செய்தியே ஆகாது. மருந்தைத் தடுத்து வைத்திருக்கும் கட்டிடம் ராக்வில்லில் இருக்கும்போது அங்கேதான் போக வேண்டும் என்று முடிவானது. நாள் தேர்விலும் கணக்கு இருந்தது. எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர் தைத்த நினைவுத் துணிகளை அந்த வார இறுதியில் வாஷிங்டனில் விரித்திருந்தார்கள். நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஒரு துணி 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழியின் அளவு.

அதற்கு முன்பே ஒரு கையேடு தயாரிக்கப்பட்டது. எஃப்.டி.ஏ. எப்படி வேலை செய்கிறது, எந்தெந்த மருந்து எங்கே தேங்கி நிற்கிறது, எந்த விதியை எப்படி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில். கைதாகப் போகிற ஒவ்வொருவரும் அதைப் படித்து வகுப்பில் உட்கார்ந்தார்கள். மைக்கை நீட்டும் நிருபரிடம் யாரை நிறுத்தினாலும் கோரிக்கையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது திட்டம். ஊடகக் குழு முன்கூட்டியே பல ஊர்ச் செய்தியாளர்களைத் தொடர்புகொண்டு, உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதில் கலந்துகொள்கிறார் என்று சொன்னது. தலைநகர நிருபர் எழுதாவிட்டாலும் உள்ளூர்ப் பத்திரிகை எழுதும்.

கைதாவதற்கும் பயிற்சி உண்டு. அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்திலும் பெண்கள் இயக்கத்திலும் பழகிய பெண்கள்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். போலீஸ் தூக்க வரும்போது திமிறக் கூடாது, உடம்பைத் தளரவிட வேண்டும், ஏனென்றால் திமிறினால் வழக்கின் பிரிவு மாறும். பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவாகவே போக வேண்டும். குழுவுக்கு ஒருவராவது கைதாகாமல் வெளியே நிற்க வேண்டும். யார் யார் பிடிபட்டார்கள், என்ன மருந்து எடுப்பவர்கள் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும். கடைசி ஆள் வெளியே வரும்வரை அவர் காவல் நிலைய வாசலை விட்டுப் போகக் கூடாது. வழக்கறிஞரின் எண்ணை மார்க்கரால் கையில் எழுதிக்கொள்வார்கள். அப்போது ஏ.இசட்.டி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மருந்து. ஆறு மணி நேரம் லாக்கப்பில் இருந்தாலும் ஒரு வேளை தவறிவிடும். அதனால் இந்தப் பட்டியல் உயிர் விஷயம்.

அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள், 170க்கும் அதிகமானவர்கள் கைதானார்கள். கல்லறைக் கல் போல வெட்டிய அட்டைகளைப் பிடித்துத் தரையில் படுத்தார்கள். எஃப்.டி.ஏ. அன்று முழுவதும் இயங்கவில்லை. அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் மாற்றியது என்று சொன்னால் பொய்யாகும். விதியைத் தளர்த்தும் வேலை அரசுக்குள் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மாறியது வேறொன்று. அதற்குப் பிறகு அதிகாரிகள் இவர்களைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். சோதனையில் சேர முடியாத, வேறு வழியில்லாத நோயாளிகளுக்குச் சோதனை நடக்கும்போதே தனி வழியில் மருந்து கொடுக்கலாம் என்று ஆக்ட் அப்பின் ஜிம் ஐகோ எழுதிய யோசனையை 1989 ஜூனில் ஃபவுச்சியே மேடையில் ஆதரித்தார். டி.டி.ஐ. என்ற இரண்டாவது மருந்து அப்படி 20,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கிடைத்தது. 1990 மே மாதம் தேசிய சுகாதார நிறுவனத்தை முற்றுகையிட்ட பிறகு, சோதனைகளை வடிவமைக்கும் குழுக்களில் நோயாளிகளுக்கு இடம் வந்தது. டென்வரில் எழுதி வைத்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பங்குச் சந்தை விஷயம். அது விளம்பரத்துக்குச் செய்ததுதான், ஆனால் மூன்றாவது படி. 1989 தொடக்கத்தில் பரோஸ் வெல்கம் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். விலை குறையவில்லை. ஏப்ரலில் வட கரோலினாவில் இருந்த அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் நான்கு பேர் புகுந்து, ஓர் அறைக்குள் கதவை உலோகத் தகடு வைத்து டிரில்லால் முடுக்கி அடைத்துக்கொண்டார்கள். விலை அசையவில்லை. பிறகுதான் செப்டம்பர் 14. பீட்டர் ஸ்டேலி முன்பு பத்திர வணிகராக இருந்தவர். அவரும் நண்பர்களும் சந்தை ஆட்களைப் போல உடுத்தி, போலி அடையாள அட்டை குத்திக்கொண்டு, ஏழு பேராக உள்ளே போனார்கள். ஐந்து பேர் மாடத்துக் கம்பியில் சங்கிலியால் பிணைத்துக்கொள்ள, இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். படம் நேராகச் செய்தி நிறுவனத்துக்குப் போனது. ‘வெல்கம் பங்கை விற்றுவிடு’ என்ற பதாகையை விரித்து, தொடக்க மணி கேட்காதபடி ஊதல்களை ஊதினார்கள். நான்கு நாளில் விலை 20 சதவீதம் குறைந்தது, ஆண்டுக்குச் சுமார் 6,400 டாலர். அந்த மாதம் நாளிதழ்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதே விலையைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சேர்ந்துதான் அழுத்தம். ஆனால் மருந்து நிறுவனத்துக்குப் பங்கு விலைதான் வலிக்கும் இடம் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

உங்கள் சங்கத்துக்கு இங்கே ஒரு வார்த்தை. ‘தரமான டயாலிசிஸ் வேண்டும்’ என்ற தீர்மானத்தை எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார், நிறைவேற்றவும் மாட்டார். நீங்கள் போகும் மருத்துவமனையில் ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் ஒன்றை எத்தனை முறை கழுவி மறுபடி பயன்படுத்துகிறார்கள், அதற்குப் பதிவேடு உண்டா, ஆர்.ஓ. நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், ரத்தசோகைக்கான எரித்ரோபொய்டின் ஊசி எத்தனை நாள் கையிருப்பில் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனுவாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்தால் அதுவே கோரிக்கையின் முதல் வரி. வராவிட்டால் மேல்முறையீடு யாரிடம் என்பதில் அந்த மேசையின் பெயர் தெரிந்துவிடும். உங்கள் குடும்பங்களில் ஒரு செவிலியரோ ஆய்வக உதவியாளரோ இருந்தால் கூட்டத்தில் அரை மணி நேரம் அவரை வகுப்பெடுக்கச் சொல்லுங்கள்.

பெண்களின் போராட்டம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு எல்லாவற்றிலும் மேலானது அதுதான். எய்ட்ஸ் என்றால் என்ன என்பதற்கு சி.டி.சி. ஒரு நோய்ப் பட்டியல் வைத்திருந்தது. அது பெரும்பாலும் ஆண்களிடம் பார்த்ததை வைத்து எழுதியது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயிலும் இடுப்புப் பகுதி அழற்சியிலும் திரும்பத் திரும்ப வரும் பாக்டீரியா நிமோனியாவிலும் செத்தார்கள். பட்டியலில் இவை இல்லை. பட்டியலில் இல்லாவிட்டால் எய்ட்ஸ் இல்லை. எய்ட்ஸ் இல்லாவிட்டால் ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைப்பது குதிரைக்கொம்பு. 1990இல் இருமுறை அட்லாண்டாவில் சி.டி.சி. அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். அந்த ஆண்டே வழக்கறிஞர் டெரி மெக்கவர்ன் உதவித்தொகைக்காக அரசு மீது வழக்குப் போட்டார். நியூயார்க்கின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் சிறையில் இருந்தபடியே சக கைதிகளைத் திரட்டிய கேத்ரினா ஹேஸ்லிப், விடுதலையானதும் இதே போராட்டத்துக்கு வந்தார். நோயை எதிர்க்கும் சி.டி.4 ரத்த அணுக்கள் 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் என்று மட்டும் சேர்த்து முடித்துக்கொள்ள சி.டி.சி. முதலில் பார்த்தது. பெண்கள் விடவில்லை. ரத்தப் பரிசோதனைக்கே வழியில்லாத ஏழைப் பெண்ணுக்கு அந்த எண் உதவாது, நோய்களின் பெயரும் வேண்டும் என்றார்கள். 1993 ஜனவரி 1 முதல் கருப்பை வாய்ப் புற்றுநோய், நுரையீரல் காசநோய், மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா ஆகிய மூன்றும் சேர்ந்தன. அந்த ஆண்டு பதிவான எய்ட்ஸ் நோயாளிகள் முந்தைய ஆண்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஹேஸ்லிப் அதற்கு ஒரு மாதம் முன்பு இறந்துவிட்டார்.

ஊசி விஷயமும் அப்படித்தான். நியூயார்க்கில் போதை ஊசி போடுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் சிரிஞ்ச் வைத்திருப்பதே அப்போது குற்றம், அதனால் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள். 1988இல் நகராட்சி ஒரு ஊசி மாற்று மையத்தைச் சோதனையாகத் திறந்தது. எங்கே? சுகாதாரத் துறைத் தலைமையகத்தில், நீதிமன்றத்துக்கும் போலீஸ் தலைமையகத்துக்கும் பக்கத்தில். சட்டவிரோதமாகச் சிரிஞ்ச் வைத்திருப்பவர் அங்கே எப்படிப் போவார்? சிலரே போனார்கள். 1990இல் மூடிவிட்டார்கள். ஆக்ட் அப் ஆட்கள் ஊசி போடுபவர்கள் இருக்கும் தெருக்களுக்கே போனார்கள். பழைய சிரிஞ்சை வாங்கிக்கொண்டு புதியது, கூடவே ஒரு சிறு புட்டி பிளீச், பஞ்சு. புதியது கிடைக்காதபோது சிரிஞ்சை இரண்டு முறை பிளீச்சால், இரண்டு முறை தண்ணீரால் கழுவச் சொன்னார்கள். அது போதாது, கலப்படமில்லாத பிளீச் குறைந்தது 30 வினாடி உள்ளே நிற்க வேண்டும் என்று 1993இல் அரசு அறிவுரையைத் திருத்தியது. 1990 மார்ச்சில் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டே டிலான்சி தெரு முனையில் ஊசி கொடுத்துக் கைதானார்கள். சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பதுதான் நோக்கம். பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய சட்டமீறல் அவசியமானது என்பது அவர்கள் வாதம். 1991 ஜூனில் நீதிபதி லாரா டிராகர் அதை ஏற்று விடுவித்தார். மறு ஆண்டு மாநில அரசே ஊசி மாற்றுத் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது.

செய்ததெல்லாம் சரியா என்றால், இல்லை. 1989 டிசம்பரில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்துக்குள் மௌனமாகப் படுப்பது என்று திட்டம். உள்ளே போனதும் ஒருவர் கத்தினார், ஒருவர் நற்கருணை அப்பத்தை நொறுக்கினார். வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் ஆணுறை பிரச்சாரத்தை எதிர்த்த கர்தினாலைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது மறைந்துபோய், பேப்பர்களில் அப்பம் மட்டும் மிஞ்சியது. அவரவர் பொறுப்பில் அவரவர் செயல் என்ற அந்த ஏற்பாட்டின் மறுபக்கம் இது. கட்டுப்பாடு தேவைப்படும் இடத்தில் கட்டுப்படுத்த ஆள் இருக்கவில்லை.

வேகத்துக்கும் விலை இருந்தது. முதலில் கொடுத்த ஏ.இசட்.டி. அளவு நாளுக்கு 1,200 மில்லிகிராம். பலருக்கு ரத்தசோகை வந்து ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. 1990இல் அளவைப் பாதியாக்கினார்கள். டி.டி.ஐ. எடுத்தவர்களில் சிலர் கணைய அழற்சியில் இறந்தார்கள். நோயாளிகளே சேர்ந்து மருந்து வாங்கும் சங்கங்களில் கிடைத்த டி.டி.சி. என்ற இன்னொரு எய்ட்ஸ் மருந்தின் மாத்திரைகளில் மருந்தின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடுவது தெரிந்தது. 1993இல் கான்கார்ட் சோதனை முடிவு வந்தபோது, அறிகுறி இல்லாதவர்கள் முன்கூட்டியே ஏ.இசட்.டி. எடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. சீக்கிரம் கொடு என்று போராடியவர்களுக்கு அது பெரிய அடி. அவர்களில் சிலர் பாதையைத் திருத்திக்கொண்டார்கள். 1994இல் சாக்வினாவிர் என்ற புது வகை மருந்துக்கு விரைவு அனுமதி கேட்கப்பட்டபோது, வேண்டாம், முதலில் பெரிய சோதனை செய்யுங்கள் என்று எஃப்.டி.ஏ.வுக்கு எழுதியவர்கள் ஆக்ட் அப்பிலிருந்து பிரிந்து போன குழுவினர்தான். மற்ற போராளிகள் இதைத் துரோகம் என்றார்கள். நான் அவர்கள் எழுதியது சரி என்ற பக்கம்.

அந்தப் பிரிவினை 1992 ஜனவரியில் நடந்தது. மருந்துக் குழுவில் பெரும்பாலும் படித்த வெள்ளை ஆண்கள், அதிகாரிகளோடு மேசையில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பெண்களும் கறுப்பினத்தவரும் தங்கள் கேள்விகள் அந்த மேசைக்குப் போகவில்லை என்றார்கள். கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி. கொடுக்கும் 076 சோதனையில் மோதல் உச்சமானது. தாயைக் குழந்தை சுமக்கும் பாத்திரமாகப் பார்க்கிறீர்கள், அவள் உடம்புக்கு இது என்ன செய்யும் என்று கேட்டார்கள். 1994இல் முடிவு வந்தது. குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைந்திருந்தது. சோதனை உலகெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றியது. தாயைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே, பின்னர் பல நாடுகளில் பிரசவத்தோடு தாய்க்கு மருந்தை நிறுத்தியபோது அந்தக் கேள்விதான் மீண்டும் எழுந்தது.

1996இல் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தது. 1995இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பேர் எய்ட்ஸால் இறந்தார்கள், 1997இல் அதில் பாதிக்கும் குறைவு. திங்கள் கூட்டங்களில் உட்கார்ந்து படித்தவர்களில் பலர் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

நம் ஊர்த் தொடர்பு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில், 1986இல், சுனிதி சாலமனின் குழுவால். மூன்று மருந்துச் சிகிச்சை வந்தபோது அதன் விலை இங்கே யாருக்கும் எட்டாதது. இந்தியச் சட்டத்தில் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா 2001இல் அந்தக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வர முடிந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்தைத் தொடங்கியபோது முதல் இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. 2005இல் சட்டம் மாறி மருந்துக்குக் காப்புரிமை வந்தது. அந்தச் சட்டத்திலேயே, காப்புரிமை கொடுக்கப்படும் முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்று ஒரு வழி இருந்தது. மனுவுக்கு அப்போது கட்டணமும் இல்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997இல் உருவான ஐ.என்.பி. பிளஸ் என்ற எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பும், மணிப்பூர் கூட்டமைப்பும் 2006இல் கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் அந்த வழியைப் பயன்படுத்தின. எதிர்த்தது கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கேட்ட காம்பிவிர் காப்புரிமையை. சிடோவுடின், லாமிவுடின் என்ற இரண்டு பழைய மருந்துகளை ஒரே மாத்திரையாக்கியது அது. சிடோவுடின் என்பது ஏ.இசட்.டி.யின் பொதுப்பெயர். தெரிந்த இரண்டு பொருளைச் சேர்ப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று பிரிவு வாரியாக எழுதிக் கொடுத்தார்கள். மனு விசாரணையில் இருக்கும்போதே தெருவிலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதே ஆண்டு நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

கூட்டத்தில் வாசித்த பிறகு யாருக்காவது கேள்வி இருந்தால் எழுதுங்கள். தகவல் உரிமை மனுக்களின் வரைவை அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்